அப்ரூவர் ஆன நண்பரின் பேச்சு மட்டும் போதுமா?

கேள்வி: என் கணவர் ஓக்லாவில் ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியில் 11 வருஷம் கணக்கராக இருந்தார். அரசு நிறுவனம் ஒன்றுக்குச் சரக்கு கொடுத்ததில் போலி பில் போட்டதாக 2022-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது. 2023-ல் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. மோசடி, 467-ஆவது பிரிவின் கீழ் போலி ஆவணம், ஊழல் தடுப்புச் சட்டம் எல்லாம் இருக்கிறது. கணவர் நான்காவது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), ஜாமீனில் இருக்கிறார். இரண்டாவது எதிரி கம்பெனி மேனேஜர். அவரும் தமிழர்தான். இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் மலை மந்திர் கோயிலுக்குப் போவோம். நாலரை மாதம் திஹாரில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவர், இப்போது அப்ரூவர் ஆகிவிட்டார். பில்களைத் தயாரித்ததும், 2021 மார்ச்சில் ஒரு நாள் மாலை கரோல் பாக்கில் வைத்து அதிகாரியிடம் பணக் கவரைக் கொடுத்ததும் என் கணவர்தான் என்று சொல்லியிருக்கிறார். கவர் விஷயமே தெரியாது என்கிறார் என் கணவர். பேரம் பேசித் தப்பித்தவர் பேச்சை வைத்து இன்னொருவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? அவர் மனைவியைப் பார்த்து நான் பேசலாமா? நாமும் அப்ரூவர் ஆகிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஒருவர் சொல்கிறாரே, அது சரியா?
— பெயர் வேண்டாம், மயூர் விஹார், டெல்லி

பதில்:

சகோதரிக்கு,

அப்ரூவர், அதாவது மன்னிப்பு வாங்கி அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கூட்டாளி, சொன்னதை மட்டும் நம்பித் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் முழுத் தடை கிடையாது. ஆனால் அப்படிக் கொடுப்பதில்லை என்ற வழக்கத்தை நம் நீதிமன்றங்கள் பல தலைமுறைகளாகச் சட்டத்துக்குச் சமமாக வளர்த்து வைத்திருக்கின்றன. உங்கள் கணவருக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான். அது தானாக வந்து சேராது. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான வேலை, அப்ரூவர் சாட்சிக் கூண்டில் ஏறும் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நீங்கள் 'பேரம்' என்று எழுதியிருப்பது இரண்டு தனித்தனி ஏற்பாடுகளுக்குப் பொதுவாக வழங்குகிறது. ஒன்று ப்ளீ பார்கெயினிங். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் இந்த முறை 2006 ஜூலையிலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. அதிகபட்சத் தண்டனை 7 வருஷத்தைத் தாண்டாத குற்றங்களுக்குத்தான் அது பொருந்தும். உங்கள் வழக்கில் இருக்கும் 467-ஆவது பிரிவுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதால் அந்த வழியே இங்கே கிடையாது. இன்னொன்று மன்னிப்பு. தெரிந்ததை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்கிறேன் என்று ஒருவர் ஏற்றுக்கொண்டால் நீதிமன்றம் அவரை எதிரிப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாட்சிப் பட்டியலில் வைக்கும். உங்கள் நண்பர் பெற்றிருப்பது இதைத்தான். மும்பைத் தாக்குதல் வழக்கின் டேவிட் ஹெட்லிக்கு இரண்டும் கிடைத்தன. 2010-ல் அமெரிக்காவில் ஒப்பந்தம் போட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2015 டிசம்பரில் மும்பை நீதிமன்றத்தில் மன்னிப்பும் வாங்கி, அடுத்த பிப்ரவரியில் வீடியோ வழியாகச் சாட்சி சொன்னார்.

இந்த வேறுபாட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தண்டனையைக் குறைத்துக்கொண்டவர் அதோடு தன் வழியே போய்விடலாம். மன்னிப்பு வாங்கியவர் அப்படிப் போக முடியாது. சாட்சி சொல்லி முடிக்கும்வரை அந்த மன்னிப்பு ஒரு நூலில்தான் தொங்கும். இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சட்டம். 2023-லேயே குற்றப்பத்திரிகை வந்துவிட்டதால் உங்கள் வழக்கு பழைய சட்டங்களின்படியே நடக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். குற்றத்தில் கூட்டாளியாக இருந்தவர் சாட்சி சொல்லத் தகுதியானவர், அவர் சொல்லுக்குத் துணை ஆதாரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் தண்டனை சட்டவிரோதம் ஆகிவிடாது என்கிறது 133-ஆவது பிரிவு. முக்கிய விவரங்களில் துணை ஆதாரம் இல்லாவிட்டால் கூட்டாளி நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 114-ஆவது பிரிவின் ஓர் எடுத்துக்காட்டு. பார்வைக்கு இரண்டும் முட்டிக்கொள்வதுபோல இருக்கும். முதலாவது அனுமதி, இரண்டாவது எச்சரிக்கை, நடைமுறையில் எச்சரிக்கைதான் ஆள வேண்டும் என்று நீதிமன்றங்கள் பொருத்தி வைத்திருக்கின்றன. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 138-ஆவது பிரிவோ, துணை ஆதாரம் உள்ள கூட்டாளிச் சாட்சியத்தின் பேரில் கொடுத்த தண்டனை சட்டவிரோதமல்ல என்று அந்த வாசகத்தையே மாற்றி எழுதிவிட்டது. நாடாளுமன்றமே எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்கள் வக்கீல் இதைக் காட்டலாம்.

சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-ல் இரண்டு படி வைத்தது. அப்ரூவர் பேச்சு அதனளவில் நம்பும்படி இருக்கிறதா என்பது முதல் படி. அதைத் தாண்டினால்தான் போதுமான துணை ஆதாரம் இருக்கிறதா என்ற கேள்வியே வரும். அதற்கும் முன்பே ராமேஸ்வர் வழக்கில் அந்தத் துணை ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. குற்றம் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, இந்த எதிரியை அந்தக் குற்றத்தோடு இணைக்க வேண்டும். சம்பந்தமில்லாத, தனியான இடத்திலிருந்து வர வேண்டும். ஆகவே ஒரு கூட்டாளி சொன்னதற்கு இன்னொரு கூட்டாளியைத் துணை நிறுத்துவது சாதாரணமாகச் செல்லாது.

'இந்த எதிரியை' என்பதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். போலி பில் இருந்தது, பணம் கைமாறியது, அதிகாரி வாங்கினார் என்பதெல்லாம் ஆவணங்களால் நிரூபணம் ஆகலாம். ஆனாலும் கவரைக் கொண்டுபோனவர் உங்கள் கணவர் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

இதில் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், அப்ரூவர் சாட்சியத்தின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பூபோனி சாஹு வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1949-ல் இதை மிகத் தெளிவாகப் பார்த்தது. கூட்டாளி கெட்டவன், தன் தோலைக் காத்துக்கொள்ளப் பேசுகிறான் என்பது மட்டும் ஆபத்து இல்லை. அவன் சம்பவத்தில் இருந்தவன். கதையின் மொத்த உருவம் உண்மையாகவே இருக்கும். அந்த உண்மைக்குள் ஒரு பொய்யைச் சொருகுவது அவனுக்கு மிகச் சுலபம். ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைத்தால் போதும். ஒட்டுப் போட்ட இடம் கேட்பவருக்குத் தெரியாது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்டோர் கீப்பருக்காக ஆஜரானேன். அப்ரூவர், பணம் கொடுத்த அறையை அப்படியே கண்முன் கொண்டுவந்தார். ஜன்னலில் ஏசி, மேஜைமேல் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்கு அடியில் அதிகாரியின் மகள் பள்ளிச் சீருடையில் எடுத்த போட்டோ. எல்லாம் சரி. நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அப்போது அப்ரூவர் சொன்னார், "ஸ்டோர் கீப்பரும் கூடவே உட்கார்ந்திருந்தார்." நான் முதலில் செய்தது தப்பு. எந்த நாற்காலி, என்ன சட்டை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அசரவே இல்லை. அந்த அறைக்கு நிஜமாகவே போனவர் எப்படி அசருவார்? கடைசியில் உதவியது ஸ்டோரின் வெளிச்செல்லும் சரக்குப் பதிவேடு. அதே நாள் மாலை 5.10-க்கும் 5.40-க்கும் கேட் பாஸில் என் கட்சிக்காரர் கையெழுத்து, பணம் கொடுத்த அறையோ ஊரின் மறுகோடியில். அந்தப் பதிவேட்டைப் புலனாய்வு அதிகாரிகளே கைப்பற்றி, வழக்கில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். மனுப் போட்டு வரவழைத்தோம். ஸ்டோர் கீப்பர் விடுதலை ஆனார், மற்றவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அப்ரூவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மைதான் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

டெல்லியில் நடந்த மிகப் பெரிய அப்ரூவர் வழக்கும் இதையே சொல்கிறது. காந்தி கொலை வழக்கு 1948-ல் செங்கோட்டைக்குள் விசாரிக்கப்பட்டது. புனேயில் ஆயுதக் கடை வைத்திருந்த திகம்பர் பட்கே அப்ரூவர் ஆனார். அவரை நேர்மையாகப் பேசிய சாட்சியாகவே நீதிபதி ஆத்மா சரண் மதித்தார். அப்படி இருந்தும் சாவர்க்கர் விஷயத்தில் பட்கே சொன்னதற்குத் தனியான துணை ஆதாரம் இல்லை, அதை மட்டும் வைத்து முடிவெடுப்பது பாதுகாப்பானதல்ல என்று 1949 பிப்ரவரித் தீர்ப்பில் சாவர்க்கரை விடுவித்தார். அந்தத் தீர்ப்பைச் சுற்றிய அரசியலை விட்டுவிடுங்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்கூட ஒரு நீதிபதி ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாக ஆதாரம் கேட்டார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதையே உங்கள் கணவருக்கும் கேட்க வேண்டும்.

சரி, உங்கள் வழக்கில் என்ன செய்வது? மன்னிப்பு கொடுத்த உத்தரவையும் அதற்கான மனுவையும் முதலில் நகல் வாங்குங்கள். மன்னிப்பு ஏன் கொடுக்கப்பட்டது என்று காரணம் எழுத வேண்டும், எதிரி கேட்டால் அந்தப் பதிவின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 306-ஆவது பிரிவு. மன்னிப்பு கொடுக்கும் நேரத்தில் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று பொதுவாக இல்லை. அதைத் தடுக்க அலைந்து காசைக் கரைக்காதீர்கள். கொடுத்த பிறகு அந்தக் காகிதத்தைப் பார்ப்பதில்தான் பலன்.

அதோடு அவர் கொடுத்த எல்லா வாக்குமூலங்களும் வேண்டும். கைதான உடனே சிபிஐ அதிகாரியிடம் சொன்னது, ஜெயிலில் இருக்கும்போது சொன்னது, மாஜிஸ்திரேட் முன்னால் 164-ஆவது பிரிவில் கொடுத்தது, எல்லாம். இவற்றைத் தேதி வரிசையில் வைத்து உங்கள் கணவர் பெயர் எந்தத் தேதியில் முதன்முதலாக வருகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு வேலை பத்து நாள் குறுக்கு விசாரணைக்குச் சமம். முதல் இரண்டு வாக்குமூலத்தில் கவரைக் கொடுத்தது 'ஆபீஸ் ஆள்' என்று இருந்து, ஜாமீன் மனு வரும் நேரத்தில் அது உங்கள் கணவர் பெயராக மாறியிருந்தால், நீதிபதி அதைக் கவனிக்காமல் விடமாட்டார். ஜாமீனை சிபிஐ எதிர்த்ததா, எதிர்க்காமல் விட்டதா? அதற்கும் மன்னிப்பு மனுவுக்கும் நடுவே எத்தனை நாள்? அவர் வீட்டார் யார் பெயராவது முதலில் அடிபட்டுப் பிறகு காணாமல் போயிருக்கிறதா? இதையெல்லாம் கேட்க உங்கள் கணவருக்கு உரிமை உண்டு.

சாட்சிக்குக் கிடைத்த சலுகையை எதிரியிடமிருந்து மறைத்தால் விசாரணையே கெட்டுவிடும் என்பது பல நாடுகளில் ஏற்ற கருத்து. ஜிக்லியோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-ல் அதற்காகவே தண்டனையை ரத்து செய்தது. வாக்குறுதி கொடுத்தவர் ஓர் அரசு வக்கீல், விசாரணை நடத்தியவர் வேறொருவர், அவருக்கு விஷயமே தெரியாது. அப்படியும் விடவில்லை. கூட்டாளிக்குக் கிடைத்த லாபம் எவ்வளவு பெரிதோ, அவர் சாட்சியத்தை அவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-ல் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் சொன்னது. நம் நீதிபதியை இவை கட்டுப்படுத்தா. ஆனாலும் வாதத்தில் வைக்கலாம்.

அரசுத் தரப்பு கைப்பற்றி வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய ஆவணங்களின் பட்டியலையும் கேளுங்கள். அந்தப் பட்டியல் எதிரிக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் வழிகாட்டியது, 2022-ல் மனோஜ் வழக்கில் மறுபடியும் வலியுறுத்தியது. 2021 மார்ச் மாலையில் உங்கள் கணவர் போன் எந்த டவரில் இருந்தது என்ற விவரம் அந்தக் குவியலுக்குள் இருக்கலாம். போன் கம்பெனிகள் இப்படிப்பட்ட பதிவுகளைக் குறைந்தது 2 வருஷம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இனி அங்கே போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். சிபிஐ அப்போதே வாங்கியிருந்தால் அதுதான் உங்களுக்கு வழி. ஆவணத்தையே வரவழைக்க 91-ஆவது பிரிவில் மனுப் போட வேண்டும். அதை எந்தக் கட்டத்தில் அனுமதிப்பது என்பதில் நீதிமன்றங்கள் கொஞ்சம் கறார், பெரும்பாலும் எதிரி தன் தரப்புச் சாட்சிகளை வைக்கும் கட்டத்தில்தான் கிடைக்கும். பட்டியல் கையில் இருந்தால்தானே எதைக் கேட்பது என்று தெரியும்?

இப்போது அந்த நூல் விஷயம். மன்னிப்பு வாங்கியவர் எதையாவது மறைத்தார் அல்லது பொய் சொன்னார் என்று அரசு வக்கீல் சான்று கொடுத்தால் 308-ஆவது பிரிவின்படி அவரைத் தனியாக விசாரிக்கலாம், அவர் கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிராக வரும். உண்மையைச் சொல்ல வைப்பதற்கான ஏற்பாடு இது, அந்த நோக்கத்தில் குறை காணவில்லை. ஆனால் கூண்டில் நிற்பவருக்கு அது எப்படிப் படும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இன்று மனசாட்சி உறுத்தி அதைத் திருத்தினால் திஹார் கதவு திறந்துவிடுமோ என்று பயப்படுவார். பழைய வாக்குமூலத்தோடு ஒட்டிப் பேசுவதுதான் அவருக்குப் பத்திரம். கடைசிவரை மாற்றாமல் சொன்னார் என்பதை அவர் நேர்மைக்குச் சான்றாக அரசுத் தரப்பு காட்டும். மாற்ற முடியாத நிலையில் அவர் இருக்கிறார் என்பதை உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையிலேயே பதிவு செய்ய வேண்டும், கடைசி வாதத்துக்கு ஒத்திவைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், பலர் இதில் தவறிவிடுகிறார்கள். கொலை போன்ற வழக்கில் அப்ரூவர் இரண்டு முறை பேச வேண்டும், முதலில் மாஜிஸ்திரேட் முன், பிறகு செஷன்ஸில். தனக்கு எதிராக என்ன வருகிறது என்று எதிரி முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும், பின்னால் சாட்சி கூட்டிச் சொன்னால் அதைக் காட்டவும் இது உதவும் என்று சுரேஷ் சந்திர பாஹ்ரி வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உங்கள் வழக்கு ரவுஸ் அவென்யூ நீதிமன்றத்தில் சிறப்பு நீதிபதி நேரடியாக எடுத்துக்கொண்டது. இங்கே அந்த முதல் சுற்று கிடையாது, இருப்பது ஒரே சுற்று. அவர் முதல் விசாரணை முடிந்த அன்றே 'குறுக்கு விசாரணைக்கு வாய்தா வேண்டாம், இப்போதே முடியுங்கள்' என்ற நெருக்கடி வரலாம். அதனால்தான் காகித வேலையை இந்த மாதமே தொடங்கச் சொல்கிறேன்.

உங்கள் கணவருக்கு இந்தி எவ்வளவு வரும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆபீஸில் சமாளிக்கும் இந்தி வேறு, நீதிமன்றத்தில் சாட்சி பேசுவதை வார்த்தைக்கு வார்த்தை பிடிக்கும் இந்தி வேறு. சாட்சியம் எதிரிக்குப் புரியாத மொழியில் நடந்தால் புரியும் மொழியில் அங்கேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது 279-ஆவது பிரிவு. இதைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், வருஷக்கணக்காக டெல்லியில் இருந்துகொண்டு இந்தி தெரியாதா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. கூச்சமே வேண்டாம். மேனேஜர் பேசும்போது, அந்த ஆபீஸில் வேலை செய்தவருக்கு மட்டுமே தெரியும் தப்பு ஒன்று காதில் விழும். அது உங்கள் கணவர் காதில் விழுந்து, அப்போதே சீட்டில் எழுதி வக்கீல் கைக்குப் போக வேண்டும்.

அப்ரூவர் ஆகிவிடலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். உங்கள் கணவர் உண்மையிலேயே கவரைக் கொண்டுபோயிருந்தால், தனியாக ஒரு வக்கீலிடம் மனம்விட்டுப் பேசட்டும், அப்போது அது யோசிக்க வேண்டிய வழிதான். அவர் சொல்வதுபோல ஒன்றுமே தெரியாது என்றால், மன்னிப்பு வாங்குவதற்காகத் தெரிந்ததாக ஒன்றை உருவாக்க வேண்டிவரும். அது பொய்ச் சாட்சியம். அதோடு, அதில் இன்னொரு வீட்டு மனிதரின் பெயர் வரும். உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

அவர் மனைவியைப் பார்ப்பதும் வேண்டாம். நீங்கள் என்ன நினைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு, நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டால் மனம் இரங்காதா என்று தோன்றும். போனில் ஒரு வணக்கம்கூட நாளைக்குச் சாட்சியைக் கலைக்கப் பார்த்தார்கள் என்று மனுவாக வரும், உங்கள் கணவர் ஜாமீன் ரத்தாகலாம். கோயிலில் எதிரே வந்தாலும் ஒதுங்கிப் போய்விடுங்கள். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

வக்கீல் செலவுக்குத் திண்டாட்டம் என்றால், வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்கு டெல்லி மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே விசாரிக்கலாம்.

அப்புறம், இன்று இரவே ஒரு வேலை. 2021 மார்ச்சில் கணவர் வைத்திருந்த மெட்ரோ கார்டு, பழைய போன், அந்த மாத வங்கி ஸ்டேட்மென்ட், யுபிஐ வரவு செலவு, மருந்துக்கடைச் சீட்டு வரை வீட்டில் எது இருந்தாலும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். போனை யாரிடமும் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் குறிப்பிட்ட மாலையில் ஏழு மணிக்கு மயூர் விஹாரில் பால் வாங்கியதற்கு ஒரு யுபிஐ பதிவு இருந்தால், அதுவே போதுமானதாக இருக்கலாம்.